சீரை யாரும் எடை போடுவதில்லை

எங்க வீட்டுக்காரரு முத்திருளனப் பத்திச் சொல்லச் சொன்னா, அவரு நல்ல குணத்தையும் சொல்லுவேன், கிறுக்குத்தனத்தையும் சேத்துத்தான் சொல்லுவேன். ஒண்ண மறைச்சு ஒண்ணச் சொன்னா அது அவரு கிடையாது. சோழவந்தானுக்குப் பக்கத்துல வெத்தலக் கொடிக்காலு சூழ்ந்த ஊரு எங்களது. ஒரு காலத்துல ஆலைக்குக் கரும்பு ஏத்துற டிராக்டர் ஓட்டுனவரு. இப்ப ஏழு வருசமாப் படுக்கையில இருக்காரு. இடுப்புக்குக் கீழ கிள்ளுனாலும் தெரியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரல. அதுக்காக நான் சாமிக்கு நன்றி சொல்லணுமா, சாமியோட சண்டை போடணுமான்னு இன்னும் முடிவு பண்ணல.

விபத்த முதல்ல சொல்லிப்புடுறேன். மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. கரும்பு வெட்டுற சீசன். டிராக்டருக்குப் பின்னால ரெண்டு டிரெய்லரு, ரெண்டுலயும் மலை மாதிரி கரும்பு. எல்லா டிரைவரும் அப்படித்தான் ஓட்டுனாக, இவரும் ஓட்டுனாரு. ஒரு பாலத்து இறக்கத்துல மாடு ஒண்ணு குறுக்க வந்துருக்கு. பிரேக்க மிதிச்சிருக்காரு. டிராக்டரு நின்னுச்சு, பின்னால வந்த பாரம் நிக்கல. தள்ளிக்கிட்டே வந்து டிராக்டர மடக்கிப் போட்டுருச்சு, இவரு பாரத்துக்கு அடியில மாட்டிக்கிட்டாரு. மாடு பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டுப் போயிருச்சுன்னு பாத்தவுக சொன்னாக.

பெரியாசுபத்திரியில கிடந்தப்ப டாக்டர் சொன்னதக் கேட்டு நான் அழுதுக்கிட்டு நிக்கிறேன், இந்த மனுசன் என்னையப் பாத்து, "ஒரு டிரெய்லரோட வந்திருந்தா நின்னுருக்கும் புள்ள" அப்படிங்கிறாரு. அன்னைக்குப் பிடிச்சது அந்தக் கிறுக்கு. அதுக்கப்பறம் ரோட்டுல எந்த வண்டி போனாலும் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுக் கணக்குச் சொல்லுவாரு. முன்னால உள்ளது இம்புட்டு இருக்கும், பின்னால உள்ளது அம்புட்டு இருக்கும், இவன் போயிச் சேருவான், அவன் சேரமாட்டான்னு. தண்ணி டேங்கர் டிராக்டர்காரன் ஒருத்தன் இதக் கேட்டுட்டு, எங்க தெரு வழியா வாரதையே நிறுத்திட்டான்.

அவருக்கு ஒரே தங்கச்சி, ஒச்சாயி. உசிலம்பட்டிக்கு மேக்க ஒரு ஊருல வாக்கப்பட்டிருக்கா. இவரு விழுந்தப்ப அவ மக தமிழ்வாணி தொட்டில் பிள்ளை. எங்க பக்கத்துல பிள்ளைக்குக் காது குத்துறதுன்னா தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். மாமன் சீரோட வரணும், பிள்ளைய மடியில வாங்கணும், அதுக்கப்பறந்தான் ஆசாரி ஊசிய எடுப்பாரு. "எங்கண்ணன் எந்திரிச்சு வரட்டும், அப்பக் குத்திக்கிறலாம்"னு ஒச்சாயி சொல்லிட்டா. அவ சொன்னத அவளே நம்புனா. பிள்ளை நடந்துச்சு, பேசுச்சு, பள்ளிக்கூடம் சேந்து ரெண்டாப்புக்கும் போயிருச்சு. காது மட்டும் மூளியாவே இருந்துச்சு. கூடப் படிக்கிறதுக கேலி பண்ணுதுகன்னு வீட்டுக்கு வந்து தலையில துண்டு போட்டு மூடிக்கிட்டு உக்காந்திருக்குமாம்.

இந்த ஆவணியில ஒச்சாயி புருசன் வீட்டுக்காரக தேதி வச்சுட்டாக. ஒச்சாயி போன்ல அழுதா. "அண்ணே, இனிமே என்னால தடுக்க முடியாது. நீ வரலேன்னா நல்லகாமண்ணே மடியில வச்சிருவாக." நல்லகாமன் இவரோட சித்தப்பா மகன். முறைக்கு அவனும் மாமன்தான். நல்ல பய, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இவரு போன வச்சிட்டு அன்னைக்குச் சோத்தத் தொடல. "நான் போகணும்" அப்படின்னாரு. அம்புட்டுத்தான். என்கிட்டக் கேக்கவும் இல்ல, கெஞ்சவும் இல்ல.

போகணும்னா எப்படிப் போறது? வெளிய யாருக்கும் தெரியாது இந்தப் பாடு. முட்டுக்குடுத்து உக்கார வச்சா ஒரு மணி நேரம் தாங்குவாரு, அதுக்கு மேல தாங்கமாட்டாரு. படுக்கையில திருப்பித் திருப்பிப் போடணும், இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துரும். ஒச்சாயி வீட்டுக்கு ஏறுறதுக்கு உசரமான படி, கக்கூசு கொல்லைப்பக்கம். அங்க ரெண்டு நாளு தங்கணும். ஆசுபத்திரிக்குப் போக வர எங்ககிட்ட ஒரு பழைய சுமோ இருக்கு. பின் சீட்டக் கழட்டிட்டு மெத்தை போட்டிருக்கோம், அதுல அவரு படுத்துக்கிட்டு வருவாரு, நான் ஓட்டுவேன். எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததே அவருதான், பின்னால படுத்துக்கிட்டே. "கிளச்ச அப்படி வெடுக்குன்னு விட்டா வண்டி குதிக்காம என்ன செய்யும், கழுத"ன்னு அந்த ரோட்டுல போறவன் வாரவனெல்லாம் சிரிக்கிற மாதிரி சொல்லிக் குடுத்தாரு. ஆக, சுமோ இருக்கு. போன இடத்துல படுக்கத்தான் இடம் இல்ல. அதனால படுக்குற ரூமையே கூட இழுத்துக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணுனோம்.

திருநகரத் தாண்டி டிரெய்லர் செய்யிற பட்டறை வச்சிருக்கவரு பீமாராவ். அவருகிட்டச் சொன்னோம். உள்ள ஒரு கட்டிலு, ஒரு உக்கார்ற கக்கூசு, தண்ணி டிரம்மு, ஃபேனு. ரெண்டு சக்கரம் வச்ச ரூமு. எங்க தெருப் பிள்ளைக அதுக்குக் கேரவன்னு பேரு வச்சிருச்சுக. பீமாராவ் நல்லாத்தான் செஞ்சாரு, இரும்புத் தகடு, தேக்கு அலமாரின்னு கெட்டியா. இவரு அத எடை மேடைக்குக் கொண்டுபோயி நிறுத்தச் சொன்னாரு. சுமோவத் தனியா, ரூமத் தனியா. எடைச் சீட்டப் பாத்துட்டு ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாரு. பின்னால வாரது முன்னால இழுக்குறதுல முக்கால் பங்குக்கு மேல போகக் கூடாதாம். இரும்புத் தகட்டக் கழட்டி அலுமினியம் போடு, அலமாரியத் தூக்கிக் கடாசு, தண்ணி டிரம்மச் சின்னதாக்குன்னு ஒரே ரகளை.

"அண்ணே, நீங்க என்கிட்ட வீடு கேட்டீங்களா, காத்தாடி கேட்டீங்களா?" அப்படின்னு பீமாராவ் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஆனாலும் மாத்திக் குடுத்தாரு. குடுக்கும்போது என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. "தங்கச்சி, மொத்த எடை மட்டும் பத்தாது. பாரம் சக்கரத்துக்கு மேல இருக்கணும், கொஞ்சம் முன்பக்கம், சுமோவுல மாட்டுற கொக்கிய அமுக்கணும். வாலுப் பக்கம் பாரம் ஏறிச்சுன்னா கொக்கி தூக்கும், வண்டி ஆட்டம் போடும். சாமான் ஏத்துன பெறகு இன்னொரு தடவ எடை போட்டுட்டுக் கிளம்புங்க." சரிண்ணேன்னு தலைய ஆட்டிட்டு வந்தேன்.

விசேசத்தன்னைக்கு விடிஞ்சதும் பங்காளிக எல்லாம் சீரோட வந்துட்டாக. சீரக் கொண்டுபோகத் தனியா ஒரு குட்டியானை லோடு வண்டி பேசி வச்சிருந்தேன். அதப் பாத்ததும் ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாக. மாமன் ஒரு வண்டியில, சீரு ஒரு வண்டியிலயா? சீரு தனியா வந்தா அது கடையில இருந்து வாடகைக்கு வந்த சாமான் மாதிரில்ல இருக்கும்? ஏற்கெனவே மாமன் படுத்துட்டான்னு அந்த ஊருல பேசுறாக, இப்ப இதுவும் சேரணுமா? அப்படி இப்படின்னு. நான் எங்க வீட்டுக்காரரப் பாத்தேன். இந்த மனுசன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, கூடாதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. எடை எடைன்னு எங்க உசுர வாங்குன ஆளு. சுமோவுல மெத்தையில படுத்துக்கிட்டு, "எல்லாத்தையும் நம்ம வண்டியிலயே ஏத்துங்கடா" அப்படின்னாரு.

குட்டியானையத் திருப்பி அனுப்பிட்டு ஏத்துனாக. அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூடை, வாழைத்தாரு, ரெண்டு கிடா. எல்லாத்துக்கும் கடைசியா ஒரு இரும்புப் பீரோ. அத உள்ள தள்ளி வைக்கல. ரூமோட பின்வாசலத் தெறந்து போட்டு, வாசல்லயே நிப்பாட்டிக் கயித்துல கட்டுனாக, கண்ணாடி வெளிய தெரியிற மாதிரி. ஊருக்குள்ள நுழையும்போது பின்னால நிக்கிற சனம் பாக்கணும்ல. கிடா ரெண்டும் பீரோவுக்குப் பக்கத்துல. நான் சாவிய எடுத்துக்கிட்டு, எடை மேடை வழியாப் போயிட்டுப் போவோம்னேன். ஒரு பெரிய மனுசன் சிரிச்சாரு. "சீரப் போயி எடை போடுறதா? நம்ம என்ன பழைய இரும்பா கொண்டுபோறோம்? பிள்ளைக்குக் குடுக்குறத நிறுத்துப் பாத்தா விளங்குமா?" நான் மறுபடி இவரப் பாத்தேன். "விடு புள்ள, போவோம்" அப்படின்னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பீரோவுலயே அவர வச்சுப் பூட்டியிருப்பேன்.

நல்லகாமன் பைக்குல முன்னால போறான், நான் பின்னால ஓட்டிக்கிட்டுப் போறேன். மத்தவுக பஸ்ஸுல வாரேன்னுட்டாக. விக்கிரமங்கலம் வரைக்கும் ஒண்ணும் தெரியல. அதுக்கு அங்கிட்டுக் கரட்டு ஓரமா ஒரு இறக்கம் வரும். அதுல இறங்கும்போது ஸ்டேரிங்குல ஒரு நெளிவு தெரிஞ்சுச்சு. காத்துன்னு நெனச்சேன். அடுத்தாப்புல சுமோவோட பின்பக்கத்த யாரோ பிடிச்சு இங்கிட்டும் அங்கிட்டும் இழுக்குற மாதிரி ஆயிப்போச்சு. கண்ணாடியில பாத்தா ரூமு நாய் வாலு மாதிரி ஆடுது. பீரோக் கண்ணாடி ரோடு பூராம் வெயில அடிச்சுக்கிட்டு வருது.

இவரு தலைய என் சீட்டுக்குப் பின்னால வச்சு, பின் கண்ணாடியப் பாக்குற மாதிரிதான் படுத்திருப்பாரு. ஆட்டத்த எனக்கு முன்னாடியே பாத்துட்டாரு போல. கத்தல. "தங்கம், பிரேக்கத் தொடாத" அப்படின்னாரு. "ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடு. ஸ்டேரிங்க நேராப் பிடி, எதுத்து வெட்டாத. அது ஆடட்டும், நீ ஆடாத."

என் காலு தானாப் பிரேக்குக்குப் போகுது. அதப் பிடிச்சு நிறுத்துறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு. எதுக்க ஒரு லாரி வாரான். அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும், ஆரன அடிச்சுக்கிட்டே மண்ணுல இறக்கி ஒதுங்கிக்கிட்டான். இறக்கம் முடிஞ்சு ரோடு சமமான பெறகுதான் வேகம் கொறைஞ்சுச்சு, ஆட்டமும் கொறைஞ்சுச்சு. ஒரு புளியமரத்துக்கிட்ட ஓரங்கட்டி நிறுத்துனேன். இறங்கிப் பாத்தா சுமோவோட பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. வாலுல அம்புட்டுப் பாரம்.

எனக்கு அழுகை வரல, ஆத்திரந்தான் வந்துச்சு. சுமோ கதவத் தெறந்து கேட்டேன். "எடை போடுவோம்னு சொன்னனா இல்லையா? ஒரு தடவ பாரத்துக்கு அடியில கிடந்தது உங்களுக்குப் பத்தலையா? நானும் படுத்துட்டா ரெண்டு பேரையும் யாரு திருப்பிப் போடுறது?"

நல்லகாமன் பைக்கத் திருப்பிக்கிட்டு வந்து நின்னான். அவன் போன்ல நல்ல நேரம் பத்தரையோட முடியிதுன்னு அந்த ஊருல இருந்து கூப்புட்டுக்கிட்டே இருக்காக. வேற வண்டி வரச்சொல்ல நேரம் இல்ல. இவரு, "என்னைய எறக்கு" அப்படின்னாரு.

"என்னது?"

"இந்த மரத்தடியில என்னைய மெத்தையோட எறக்கிப் போடு. என் எடை கொறைஞ்சா வண்டி கொஞ்சம் லேசாகும். நீ மெதுவாச் சீரக் கொண்டுபோயிச் சேத்துரு. நல்லகாமன் மடியில வச்சுக் குத்தட்டும். மாமன் வீட்டுச் சீரு வந்துச்சுன்னு ஒரு பேராவது என் தங்கச்சிக்கு இருக்கும். கைய வீசிக்கிட்டு நான் போயிக் கிடந்தா அவளுக்கு என்ன மரியாதை?"

கேட்டுக்கிட்டிருந்த நல்லகாமன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். எனக்கு மட்டும் ஆத்திரம் இன்னும் ஏறிச்சு.

"இம்புட்டு வருசம் லோடு ஓட்டுன மனுசன் பேசுற பேச்சா இது? பாரம் பின்னால இருந்துல்ல எறங்கணும். முன்னால இருந்து நீங்க எறங்குனா சுமோ இன்னும் லேசாகும், பின்னால இருக்குறது எங்களத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிரும். பீரோ இல்லாம இந்த வண்டி ஓடும். அண்டா இல்லாம ஓடும். நீங்க இல்லாமத்தான் ஓடாது."

வண்டியப் பத்தித்தான் சொன்னேன். சாமி சத்தியமா வண்டியப் பத்தித்தான். சொல்லி முடிச்ச பெறகுதான் என் வாயில என்ன வந்துச்சுன்னு எனக்கே கேட்டுச்சு. அவரும் என்னையவே பாத்தாரு. கண்ணுல தண்ணி கட்டிருச்சு, துடைக்கக் கூட இல்ல. ஏழு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் அப்படிப் பாத்துக்கிட்டது கம்மி. மருந்து, புண்ணு, துணி, சோறுன்னு நாளு ஓடிப்போயிரும்.

நல்லகாமன் தொண்டையச் செருமிக்கிட்டு, "மதினி, சீர நடு ரோட்டுல எறக்குறதா? ஆகாது. யாரும் செய்யமாட்டாக" அப்படின்னான். அவன் அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, நீ சொல்லு" அப்படின்னான். அந்த ஊரு என்ன பேசும், பங்காளிக என்ன பேசுவாகன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாந் தெரியும்.

"எறக்குடா" அப்படின்னாரு. "பீரோவ முதல்ல எறக்கு."

அப்பறம் பழைய டிரைவர் குரலு வந்துருச்சு. படுத்த இடத்துல இருந்தே அதிகாரம். அரிசி மூடையில ஒண்ண எனக்குப் பக்கத்துல தள்ளு, முன் வண்டி கனமாகட்டும். மத்தத எறக்கு. அண்டாவக் கொக்கிப் பக்கம் கொண்டுபோ. கிடா ரெண்டையும் நடுவுல குறுக்கிக் கட்டு, நடமாடுற பாரம் ஆகாது. பூட்டு, கயிறு பாரு, சக்கரம் பாரு. ரோட்டுல போன ரெண்டு பேரு நின்னு கை குடுத்தாக. உசிலம்பட்டி டவுன் பஸ்ஸு போகுது, உள்ள இருக்குற சனம் பூராம் சன்னல்ல தலைய நீட்டி, மரத்தடியில நிக்கிற பீரோவப் பாத்துக்கிட்டுப் போறாக. அதக் காவல் காக்க நல்லகாமன் அங்கயே இருந்துக்கிட்டான். நாங்க கிளம்பும்போது திரும்பிப் பாத்தா, பீரோக் கண்ணாடியப் பாத்துத் தலை சீவிக்கிட்டிருக்கான். நல்ல பயன்னு முன்னாடியே சொன்னேன்ல. அவன் இங்க நின்னுட்டா, பிள்ளைய மடியில வாங்க எங்க வீட்டுக்காரர விட்டா வேற மாமன் இனி அந்த ஊருல கிடையாது. அவனுக்கும் அது தெரிஞ்சிருக்கும்.

வண்டி அதுக்கப்பறம் ஒரு முனகல் கூட இல்லாம வந்துச்சு. ஊரு முகப்புல மேளத்தோட நின்னாக. ஒச்சாயி ஆரத்தித் தட்டோட ஓடியாந்தவ, சுமோக் கதவத் தெறந்ததும் தட்ட யாருகிட்டயோ குடுத்துட்டு அண்ணன் தலையப் பிடிச்சுக்கிட்டா. கூட்டத்துல யாரோ ஒரு ஆளு, "சீரு எங்கப்பா?" அப்படின்னு கேட்டாரு.

"வருது, வருது" அப்படின்னாரு எங்க வீட்டுக்காரரு. "கனமானது முன்னால வரணும், லேசானது பின்னால வரணும். அதுதான் ரோட்டு முறை. மாமன் முன்னால வந்துட்டேன், சீரு பின்னால வரும்." கேட்ட ஆளுக்குப் புரிஞ்சுச்சோ இல்லையோ, அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. ஒச்சாயி வீட்டுக்காரரு தன் டிராக்டர எடுத்துக்கிட்டுப் பீரோவ ஏத்தப் போயிட்டாரு. முறைப்படி அது தப்புத்தான், சீரு வாங்குற வீட்டுக்காரக எடுக்கப் போகக் கூடாது. போயிட்டாரு, அவ்வளவுதான்.

கூடக் கொண்டுவந்த சக்கர நாற்காலியில அவர உக்கார வச்சு, அதோட நாலு பேரு பந்தலுக்குத் தூக்கிட்டுப் போனாக. சாஞ்சுரக் கூடாதுன்னு நெஞ்சச் சுத்தித் துண்டப் போட்டுக் கட்டுனேன். தமிழ்வாணி புதுப் பாவாடையில வந்து நின்னா. மாமன போன்ல பாத்திருக்கா, எங்க வீட்டுக்கு வந்தப்பக் கட்டில்ல பாத்திருக்கா. அவரு உக்காந்து பாத்ததே இல்ல. மடியில தூக்கி வச்சாக. பிள்ளை உக்காந்தது அவரு காலுக்குத் தெரியாது. அதனால குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே, வழுக்கிருமோன்னு ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. ஆசாரி ஒரு காத குத்துனாரு. பிள்ளை வாயில போட்ட சக்கரைய முழுங்கிட்டு, கண்ண இறுக மூடிக்கிட்டா. அடுத்த காதையும் குத்துனாரு. அவ அழுகல. இவருதான் அழுதாரு, சத்தமா, ஊரே பாக்க.

தமிழ்வாணி கண்ணத் தெறந்து திரும்பிப் பாத்தா. "எனக்குத்தான மாமா குத்துனாக. நீ எதுக்கு அழுகுற?"

ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு, முதுகு வலிக்கும், படுக்கப் போடணும்னு நான் கண்ணக் காட்டுனேன். ஒச்சாயி பிள்ளைய வாங்கக் கைய நீட்டுனா. அவரு குடுக்கல. "இருக்கட்டும்மா" அப்படின்னாரு. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."